ராஜமேரியின் வலப்பக்கம்

விடிந்ததும் எழுந்தேன். வாசல் கம்பியில் மாட்டியிருந்த பையிலிருந்து பால் பாக்கெட்டை எடுத்தேன். அரை லிட்டர். என் மனைவி மோனிஷா இருந்தவரை ஒரு லிட்டர் வாங்கினோம். காய்ச்சி, ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்தேன். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தேன். அடுப்பை அணைத்தேன். சிலிண்டர் வால்வை மூடினேன். சட்டை மாட்டிக்கொண்டு கதவு வரை போனேன். திரும்பி வந்து வால்வைத் தொட்டுப் பார்த்தேன். மூடியிருந்தது. பூட்டிக்கொண்டு இறங்கினேன்.

தெருமுனையில் ஷாஹீன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய அத்தா தஸ்தகீருக்கு தருமபுரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் மெத்தைக் கடை. மாடியில் எங்கள் துப்பறியும் அலுவலகம். இந்த ஆம்னி வேனில்தான் கடைக்குப் பஞ்சு வரும். கேஸ் இருந்தால் எங்களுக்கு வரும்.

"ஏறுங்க லியோன் சார். பிரேக் பாதி, துவா பாதி."

"லேப்டாப் எடுத்துக்கிட்டியா?"

"இருக்கு. படம் தெரியும், சத்தம் வராது. தம்பி அது மேல டீய ஊத்துன நாள்ல இருந்து ஊமை. எங்க வூட்ல அது ஒண்ணுதான் மரியாதையா இருக்குது."

பென்னாகரம் சாலையில் திரும்பினோம். வண்டிக்குள் பஞ்சு பறந்தது.

நேற்று மதியம் ராஜமேரி என்ற அம்மாள் மாடியேறி வந்திருந்தார். பென்னாகரத்தைத் தாண்டி ஒரு கிராமம். மரவள்ளி, கொஞ்சம் ராகி. கணவர் பெங்களூரில் கட்டட வேலை. ஒரே மகள் ஏஞ்சலின், காட்டில் எத்தனை சிறுத்தைகள் இருக்கின்றன என்று புள்ளியியல் முறையில் கணக்கிடும் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தாள். ஆடி மாதம் காட்டு ஓடையில் பிணமாகக் கிடைத்தாள்.

கூடவே ஆய்வு செய்த சீனியர் முருகேஷ் போலீசில் சொன்னது இது. அன்று காலை பென்னாகரம் ஆய்வு முகாமில் ஏஞ்சலின் அழுதாள். சிறுத்தைப் படங்களில் மோசடி செய்துவிட்டதாக ஒப்புக்கொண்டாள். பிறகு தனியாகக் காட்டுக்குள் போனாள். கடைசியாக அவள் சொன்ன வார்த்தைகள்: "நான் எல்லாரையும் ஏமாத்திட்டேன் அண்ணா. என்னை மன்னிக்கச் சொல்லி அம்மாகிட்ட சொல்லுங்க."

பல்கலைக்கழகக் குழு படங்களைப் பார்த்தது. பொய் இருந்தது. போலீஸ் தற்கொலை என்று எழுதி மூடிவிட்டது.

ராஜமேரி எங்களிடம் வேறெதுவும் கேட்கவில்லை.

"எம்பொண்ணு அப்பிடி சொன்னாளா, சொல்லலையா? அது மட்டும் தெரிஞ்சா போதும் தம்பி. ஆடியில இருந்து நான் பூசைக்குப் போவல. போயி என்னான்னு வேண்டறது? மன்னிச்சிட்டேன்னா? இல்ல, மன்னிக்க ஒண்ணுமே இல்லைன்னா?"

இண்டூர் தாண்டியதும் ஷாஹீன் கேட்டாள். "அந்த முருகேஷ் பொய் சொல்றான்னு நேத்தே முடிவு பண்ணிட்டீங்க. மூஞ்சியக்கூட பாக்கல. எப்படி சார்?"

"அந்த வார்த்தை ரொம்ப நல்லா இருக்கு."

"புரியல."

"மோனிஷா சாவுக்கு வந்தவங்க, கடைசியா அவ என்ன சொன்னான்னு ஆளுக்கு ஒண்ணு சொன்னாங்க. ஏசுவேன்னு கூப்பிட்டான்னு அத்தை. என்னைத் தனியா விட்டுறாதீங்கன்னு சொன்னான்னு மச்சான். எல்லாம் கேக்க நல்லா இருந்துச்சு. ஆஸ்பத்திரியில பக்கத்துல இருந்தது நான்தான். கேஸ் சிலிண்டரை மூடிட்டு வந்தீங்களான்னு கேட்டா. அவ்வளவுதான்."

ஷாஹீன் ஒரு லாரிக்கு ஒதுங்கி வழி விட்டாள்.

"மூடியிருந்தீங்களா?"

"மூடியிருந்தேன்."

நான் ஜன்னலைத் திறந்தேன். பஞ்சு வெளியே போனது.

ஒகேனக்கல் போகும் சாலையோரம் ஒரு வாடகை வீடு. ஆய்வுக் குழுவின் முகாம் அதுதான். முருகேஷ் பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். முப்பது வயது இருக்கும். தேய்த்த சட்டை, வெள்ளை ஷூ. வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறதாம். நாங்கள் ராஜமேரி சார்பில் வந்திருக்கிறோம் என்றதும் நாற்காலி போட்டான்.

"பாவம் சார் அந்தம்மா. நல்ல பொண்ணுதான் அவளும். அவசரப்பட்டுட்டா."

"எங்களுக்கு இந்தக் கணக்கு புரியல," என்றேன். "கொஞ்சம் சொல்லுங்க."

"ஒவ்வொரு சிறுத்தைக்கும் புள்ளி வேற மாதிரி இருக்கும். நம்ம கைரேகை மாதிரி. காட்டுல அங்கங்க கேமரா கட்டி வெப்போம். முதல் தடவ சிக்குனது எத்தனை, அடுத்த தடவ அதுலயே திரும்ப எத்தனை சிக்குதுன்னு பாத்தா, சிக்காம இருக்கறதையும் சேத்து மொத்தம் எவ்வளவுன்னு மதிப்பிடலாம்."

"எங்க கல்யாண வூட்டு பிரியாணி பந்தி மாதிரி," என்றாள் ஷாஹீன். "மொத பந்தியில உக்காந்தவங்க கையில மருதாணி வெச்சு அனுப்பறோம். அடுத்த பந்தியில மருதாணிக் கை நெறைய வந்தா கூட்டம் சின்னது, அதே ஆளுங்கதான் சுத்திச் சுத்தி வராங்க. ஒண்ணு ரெண்டுதான் வந்துச்சுன்னா கூட்டம் பெருசு. அண்டாவ எறக்கக் கூடாது."

முருகேஷ் சிரித்தான். "கிட்டத்தட்ட அதான்."

"ஏஞ்சலின் என்ன பொய் பண்ணா?"

அவன் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டினான். ஒரு சிறுத்தையின் இடப்பக்கம். அருகில் இன்னொரு சிறுத்தையின் வலப்பக்கம். பிறகு இரண்டாவது படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம் வலமாகத் திருப்பினான். முதல் படமேதான் அது.

"ஒரே சிறுத்தை. இடப்பக்கப் படத்தைத் திருப்பிப் போட்டு, வலப்பக்கம் மட்டும் சிக்குன புதுச் சிறுத்தைன்னு சேத்திருக்கா. இப்படி ஆறேழு."

"எதுக்கு?"

"புதுசு சேந்தா மொத்தம் ஏறும். எங்க புது முறை, பழைய முறை பாக்காத சிறுத்தைங்களையும் கண்டுபிடிக்குதுன்னு ஆகும்."

"முறை யாரோடது?"

"என்னோடது. ஆனா படம் அவளோடது. காட்டுக்கு அவ, கணக்குக்கு நான். நான் ஒரு நாள்கூட உள்ள போனதில்ல சார். எனக்கு அட்டைப்பூச்சி ஆகாது."

ஷாஹீன் திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நிஜமாவே ஒரு சிறுத்தைக்கு ரெண்டு பக்கமும் வேணும்னா எப்படி எடுப்பீங்க?"

பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல அவன் விரலை இடமும் வலமுமாக ஆட்டினான். "போகும்போது ஒரு பக்கம் விழும். திரும்பி வரும்போது மறுபக்கம் விழும்."

"ஓடைக்கரையில, அவ செத்த எடத்துக்கிட்ட, கேமரா இருந்துச்சா?"

"ஒண்ணு இருந்துச்சு. அது திருடு போயிடுச்சுன்னு வனத்துறையில சொன்னாங்க."

வெளியே வந்ததும் ஷாஹீன் வேனை ஓங்கி உதைத்தாள். அப்போதுதான் அது கிளம்பும்.

"பொட்டி கட்டிட்டான் சார். இன்னும் ரெண்டு நாள்ல ஏரோப்ளேன்ல மேல இருந்து நமக்கு டாட்டா."

"ஏஞ்சலின் வீட்டைப் பாக்கலாம்."

ராஜமேரியின் வீடு ஓடும் ஷீட்டும் கலந்தது. முன்னறையில் மாதா படம். அதைச் சுற்றிச் சுவர் முழுக்கச் சிறுத்தைகள். ஜோடி ஜோடியாக ஒட்டியிருந்தன. ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே ஸ்கெட்ச் பேனாவில் ஒரு பெயர்.

"மாதாவுக்குப் பக்கத்துல ஒட்டாதடின்னு சொன்னேன்," என்றார் ராஜமேரி. "காவலுக்கு இருக்கட்டும்மாங்கறா."

நடு ஜோடியின் கீழே 'ராஜமேரி' என்று இருந்தது.

"இது நீங்களா ஆயா?" ஷாஹீன் கேட்டாள்.

"என்னப் பாத்தா ஆயா மாதிரியா இருக்குது பாப்பா? நாப்பத்தெட்டு."

"மன்னிச்சிருங்க அக்கா."

"எம்பேரு வெச்சிருக்கா அதுக்கு. ஏன்டின்னா, 'ராத்திரியெல்லாம் சுத்திட்டு காலையில ஒண்ணும் தெரியாத மாதிரி படுத்திருக்கும்மா, உன்ன மாதிரியே'ங்கறா. நான் என்னாத்தத் தம்பி ராத்திரி சுத்துனேன், தண்ணி கட்டத்தான் போனேன்." சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

ஷாஹீன் சுவருக்கு மூக்கு ஒட்டும் அளவுக்குப் போனாள். பிறகு பின்னுக்கு வந்தாள்.

"சார். கீழ நேரம் போட்டிருக்கு பாருங்க. ராஜமேரி இடப்பக்கம், ராஜமேரி வலப்பக்கம். ரெண்டும் ஒரே நொடி."

பார்த்தேன். எல்லா ஜோடிகளும் அப்படித்தான்.

"ஒரே நொடியில போறதும் வர்றதும் எப்படி? எங்க அத்தா கடைக்கும் சாப்பாட்டுக்கும் ஓடற வேகத்துக்குக்கூட ஆவாது."

"அப்ப?"

"ரெண்டு கேமரா. பாதைக்கு இந்தப் பக்கம் ஒண்ணு, அந்தப் பக்கம் ஒண்ணு. நேருக்கு நேர். சிறுத்தை நடுவுல நடந்தா ரெண்டு விலாவும் ஒரே நேரத்துல விழும்."

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

"முருகேஷுக்கு அது தெரியல," என்றேன். "அவனுக்கு வர்றது படமும் ஒரு அட்டவணையும். அதுல ஒரு இடத்துக்கு ஒரு வரிதான். அங்க எத்தனை கேமரான்னு இருக்காது. போறப்ப ஒரு பக்கம், வர்றப்ப ஒரு பக்கம்னு அவனா நெனச்சுக்கிட்டான்."

"அது தப்புதான். ஆனா கொலையா?"

"யோசி. படத்தைத் திருப்பிப் போட்டது யாரு? ஏஞ்சலினா இருக்க முடியுமா? அவகிட்ட ஒவ்வொண்ணுக்கும் நிஜமான வலப்பக்கம் இருக்கு. ரெண்டு கேமரா இருக்கற இடத்துல வலப்பக்கம் மட்டும் தனியா சிக்குச்சுன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. பாத்த நிமிஷமே மாட்டிக்கும். அவ ஏமாத்தணும்னா வேற ஏதாவது வழி பாத்திருப்பா. அவனுக்குத்தான், எந்தச் சிறுத்தைக்கும் ரெண்டு பக்கமும் சேந்தே சிக்கியிருக்கும்னு தெரியாது."

ராஜமேரி என் முகத்தையே பார்த்தார். "என்ன தம்பி சொல்றீங்க?"

"படத்துல பொய் பண்ணது உங்க பொண்ணு இல்லங்கம்மா."

அவர் தலையாட்டினார். ஆனால் முகம் மாறவில்லை. "செரி. அந்த வார்த்தைய சொன்னாளா?"

நான் மறுபடி சுவரைப் பார்த்தேன்.

ஷாஹீன் மெதுவாகச் சொன்னாள். "சார், ஓடைக்கரையிலயும் ரெண்டு இருந்திருக்கணும். ஒண்ணு திருடு போச்சு."

எங்கள் இருவர் பார்வையும் சுவரிலிருந்த ராஜமேரியின் வலப்பக்கத்துக்குப் போனது. 'ஓடைக்கரை' என்று அடியில் எழுதியிருந்தது. மற்ற படங்கள் முழங்கால் உயரத்திலிருந்து எடுத்தவை. இது தரையோடு தரையாக எடுத்தது. அடியில், படத்தின் அகலம் முழுக்க ஒரு கறுப்பு விளிம்பு. உதடு மாதிரி.

"விரல் மறைச்சிருக்கா?"

"பாறை," என்றேன்.

ரேஞ்சர் அரை நாள் அனுமதி கொடுத்தார். துணைக்கு வனக் காவலர் குமார். காட்டுக்குள் நுழைந்ததிலிருந்து மூட்டு வலியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஷாஹீன் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"அந்தப் பொண்ணு செத்தப்புறம் எல்லாத்தையும் கழட்டுனது நான்தாங்க," என்றார் குமார். "அப்பத்தான் இந்தப் பக்கம் மாத்தி வந்தேன். எல்லா எடத்துலயும் ரெண்டு ரெண்டு இருந்துச்சு. ஓடைக்கிட்ட மட்டும் ஒண்ணும் இல்ல. மரத்துல வெறும் பெல்ட்டு தொங்குச்சு. எதிர்ல பாத்தா பாறைங்க. கட்ட மரமே கெடையாது. ரெண்டையும் எவனோ அடிச்சிட்டான்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"ஏன் மரத்துல கட்டணும்? பாறையில வெக்கக் கூடாதா?"

"பாறையில எவனாச்சும் வெப்பானா மேடம்? ஆனா மரத்துல கட்டுனா யானை சும்மா வுடாது. புடுங்கிப் பந்தாடும்."

"அதனாலதான் பாறையில வெச்சிருக்கா."

குமார் நின்று காலைத் தேய்த்துக்கொண்டார். "நான் அத யோசிக்கலைங்க."

ஓடைச் சத்தம் கேட்டது. மரத்தில் பெல்ட் இன்னும் தொங்கியது. எதிரே, பாதையின் மறுபக்கம், இடுப்பளவுப் பாறைகள் இரண்டு சாய்ந்து நின்றன. அவற்றின் நடுவே கீழே ஒரு பிளவு. அதன் வாயில் சருகு அடைத்திருந்தது. நான் குப்புறப் படுத்துக் கையை விட்டேன்.

"பாம்பு இருந்தா சொல்லுங்க சார். நான் வண்டிய ஸ்டார்ட் பண்ணி வெக்கறேன்," என்றாள் ஷாஹீன்.

விரலில் பிளாஸ்டிக் தட்டியது.

குமாரை அவருடைய போனில் வீடியோ எடுக்கச் சொன்னேன். கற்களுக்கு நடுவே கேமராப் பெட்டியைச் சின்னக் கற்களால் நெருக்கி, ஆடாமல் வைத்திருந்தாள் ஏஞ்சலின். வெளியே எடுத்தேன். மேலே பாசி. பேட்டரி செத்திருந்தது. உள்ளே ஈரம் புகவில்லை. மெமரி கார்டு இருந்தது.

வேனுக்கு வந்து ஊமை லேப்டாப்பில் போட்டோம். ஏதாவது அசைந்தால் ஒரு படம் எடுத்து, கொஞ்ச நேரம் வீடியோவும் ஓடி நின்றுவிடும். அவள் இறந்த ஆடி மாதத் தேதியைத் தேடினோம். அன்றைக்கு நான்கு இருந்தன.

முதலாவதில் ஏஞ்சலின் நான்கு காலில் தவழ்ந்து படத்தைக் கடக்கிறாள். நேராகக் கேமராவைப் பார்த்துப் பல்லைக் காட்டி ஏதோ சொல்கிறாள். சிறுத்தை உயரத்தில் ஒன்று நடந்தால் கேமரா விழித்துக்கொள்கிறதா என்று சரிபார்க்கிறாளாம். குமார் சொன்னார்.

"சாகப் போறவ இதையா பாப்பா?" என்றாள் ஷாஹீன்.

இரண்டாவதில் வெள்ளை ஷூ. பிறகு முருகேஷ் முழுதாகத் தெரிகிறான். காட்டுக்குள் ஒரு நாள்கூட வராதவன். ஏஞ்சலின் போனை அவன் முகத்துக்கு நேராக நீட்டுகிறாள். போனை இடமும் வலமுமாகத் திருப்பிக் காட்டுகிறாள். அவன் கையெடுத்துக் கும்பிடுகிறான்.

மூன்றாவதில் அவள் பையைத் தோளில் போட்டு ஓடைப் பக்கம் இறங்குகிறாள். அவன் பின்னால் போகிறான். அவள் நின்று திரும்பி, தரையைக் காட்டி அவனிடம் ஏதோ சொல்கிறாள். படம் முடிகிறது.

நான்காவதில் அவன் மட்டும். வெள்ளை ஷூ முழுக்கச் சேறு. எதிர் மரத்துக் கேமராவைப் பெல்ட்டிலிருந்து பிய்க்கிறான். முதுகு எங்கள் பக்கம் இருக்கிறது. தனக்குப் பின்னால் ஒன்று பார்த்துக்கொண்டிருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

குமார் பெருமூச்சு விட்டார். "நான் அன்னைக்கே குனிஞ்சு பாத்திருக்கணும்."

"தள்ளினானா, அவளா விழுந்தாளா?" ஷாஹீன் கேட்டாள்.

"அது படத்துக்கு வெளிய. போலீஸ் கேக்கட்டும்."

"மூணாவதுல என்ன சொல்றா? திட்டறாளா?"

உதடு அசைந்தது. கை தரையைக் காட்டியது. இரண்டு முறை ஓட்டிப் பார்த்தோம். தெரியவில்லை.

நகல் எடுத்துக்கொண்டு, கேமராவையும் கார்டையும் குமாரையும் ஸ்டேஷனில் விட்டோம். குமாரின் வீடியோவைப் பார்த்த இன்ஸ்பெக்டர் உடனே முகாமுக்கு ஜீப்பை அனுப்பினார். வெளியே வந்ததும் ஷாஹீன் வேனை உதைத்துக் கிளப்பினாள்.

ராஜமேரி வாசலில் நின்றிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். முருகேஷ் பொய் சொன்னது, அவன் அங்கே இருந்தது, மற்ற எல்லாமும். லேப்டாப்பில் சத்தம் வராததையும் சொன்னேன். அவர் உள்ளே போய் ஆணியில் மாட்டியிருந்த ஹெட்செட்டை எடுத்து வந்தார். ஏஞ்சலினுடையது. ஒயர் இரண்டு இடத்தில் டேப் சுற்றியிருந்தது.

"இதுல கேக்குமா?"

ஷாஹீன் சொருகினாள். சத்தம் வந்தது. ஒரு பக்கத்தை ராஜமேரி காதில் வைத்துக்கொண்டார். மறு பக்கத்தை என்னிடம் நீட்டினார்.

முதலாவது ஓடியது. ஏஞ்சலின் தவழ்ந்து வந்தாள். "ராஜமேரி வந்தாச்சு," என்று உறுமினாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டார்.

இரண்டாவது. இலைச் சத்தம். அவள் குரலில் கோபம் இருந்தது, அழுகை இல்லை. "திருப்பிப் போட்டா புதுச் சிறுத்தையாண்ணா? இது எங்கம்மா. ரெண்டு பக்கமும் எங்கிட்ட இருக்கு. நம்ம கைட் புரொபசர்கிட்ட நீங்களே சொல்லிருங்க. நான் போட்டுக் குடுக்க மாட்டேன்."

ராஜமேரி என் கையைப் பிடித்தார். பிடி வலித்தது.

மூன்றாவதற்கு முன் ஷாஹீன் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். இதில் என்ன இருக்கும் என்று எனக்கும் தெரியாது. மோசமாக இருந்தால் வேறு ஏதாவது நல்லதாகச் சொல்லிவிடலாம். வாசல் நிறைய அக்கம்பக்கத்தார் நின்றார்கள். நல்லதாக இருந்தால் அவர்களுக்கும் பிடிக்கும். ஆனால் ஒரு பக்கம் அவர் காதில் இருந்தது.

"போடு," என்றேன்.

ஓடைத் தண்ணீர் இரைந்தது. ஏஞ்சலின் இறங்கினாள். வெள்ளை ஷூ பின்னால் வந்தது. அவள் நின்றாள், திரும்பினாள். முகத்தில் இப்போது கோபம்கூட இல்லை. கால் வைக்கக் கூடாத இடத்தைக் கையால் காட்டினாள்.

படம் நின்றது. ராஜமேரி காதிலிருந்து ஹெட்செட்டை எடுத்துவிட்டுக் கேட்டார்.

"இதான் கடைசியா?"

"இதாங்கம்மா."

"வெளிய நிக்கறவங்களுக்கும் சொல்லுங்க தம்பி. என்ன சொன்னாளோ, அதே."

வாசலுக்குப் போனேன். எதையும் சேர்க்கவில்லை.

"பாத்து வாங்கண்ணா, அந்தப் பாறை வழுக்கும்."